போரிலும் விசுவாசத்தை விடாதவர்கள்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள மாதா கோயிலான மடுத்திருப்பதியின் ஆவணித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த பெரியம்மா ஒருவரோடு பேசக் கிடைத்தது. 1990இல் ஊரைவிட்டு ஓடிவந்து, கோயில் வளாகத்து அகதி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். 1999 நவம்பர் 20 அன்று கோயிலில் ஷெல் விழுந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறார். தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேர் வரை அன்று இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு.

"அதற்குப் பிறகும் செபமாலை சொல்ல எப்படி அம்மா மனம் வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கே செபம் சொன்னேன்? மாதாவோடு சண்டைதான் பிடித்தேன் பிள்ளை. உன்னை நம்பி வந்தவர்களை உன் வீட்டிலேயே சாகக் கொடுத்தாயே என்று கேட்டேன். பல நாள் கேட்டேன். பிறகு, சண்டைக்குப் போன இடத்திலேயே முழந்தாளிட்டுவிட்டேன்" என்றார்.

பிரசங்கங்களில் வரும் விசுவாச வீரர்கள் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு இவரைத்தான் நம்ப முடிகிறது.

⁂

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். 1995 ஜூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது விமானப்படை குண்டு வீசியபோது, இடம்பெயர்ந்து வந்து அங்கே இளைப்பாறிய மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களைத் தூக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார், நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 30 இரவைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார். வலிகாமமே வெளியேறிய இரவு, மழை, நகர முடியாத கூட்டம். எல்லோரும் அரிசியும் பாயும் கட்டிக்கொண்டு போக, இவர் சைக்கிளில் ஏற்றியது தங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பூசைப் பாத்திரத்தையும். "சோற்றுப் பானையை விட்டுவிட்டுக் கொப்பியைத் தூக்குகிறாரே" என்று மனைவி வழியெல்லாம் ஏசினாராம். (ஏச்சு நியாயமானதுதான் என்று அவரே சொல்வார்.) பிறகு, எல்லாப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள் அந்தப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரைத் தேடி அவர் இருந்த தரப்பாள் கொட்டிலுக்கு வரத் தொடங்கினார்கள். குண்டுச் சத்தத்துக்கு மிகவும் பயந்த மனிதர் அவர். விமான இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் முதலில் இறங்குவாராம், பதிவேடுகளோடு.

⁂

மடுவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த மாதா சொரூபமும் இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், ஏறக்குறைய 1670இல், மாந்தைக் கிறிஸ்தவர்கள் அதைக் காட்டுக்குள் கொண்டு ஓடினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியதும் குருக்கள் அதைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப் போனார்கள்.

ஒல்லாந்தர் காலத்திலேயே, 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி மறைவாகப் பூசை வைத்தார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை. சில்லாலைக்காரர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்களேன்.