பேச்சிப்பள்ளம்: நேர்வெயிலில் மறையும் எழுத்து

கல்லெழுத்து:
மதுரை சமணர்மலை, கீழக்குயில்குடிப் பக்கம். பேச்சிப்பள்ளத்துச் சமணச் சிற்ப வரிசைக்குக் கீழே வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம், இருப்பது தெரியும்தானே? வெயில் நேராகப் பாறை முகத்தில் அடித்த நேரம், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்ததும் ‘செய்வித்த திருமேனி’ (இன்னார் செய்யவைத்த சிலை) என்ற எழுத்து பள்ளம் பள்ளமாக எழும்பி வந்தது. இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தெக்கத்தியான்:
கழுகுமலையில் எனக்கு உறுத்தியது வேறு. சமணத் துறவி பாகுபலியின் சிற்பத்தைக் காட்டி ‘பார்சுவநாதர்’ என்று பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நாகம் படமெடுத்தால் பார்சுவநாதர். கை கால்களில் கொடி சுற்றி, இருபுறமும் சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் நின்றால் பாகுபலி. பார்சுவநாதர்போல் பாகுபலி 24 தீர்த்தங்கரரில், அதாவது சமண அருகர்களில், ஒருவர் அல்லர்.

மலைக்காற்று:
டார்ச் எதுக்குங்க? சாக்பீஸ் பொடியைத் தடவினா பளிச்சுனு தெரியுமே.

படியெடுப்பவன்:
மலைக்காற்று, தயவுசெய்து வேண்டாம். பொடி எழுத்தில் மட்டும் நிற்காது, பாறையின் பொரிவிலும் வெடிப்பிலும் ஏறும்; இல்லாத கோடு எழுத்தாகிவிடும். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏற்கெனவே குழப்பும். ஒருவர் தப்பாகத் தடவியதை அடுத்தவர் அப்படியே படிப்பார். எண்ணெய் இன்னும் மோசம், தூசியைப் பிடித்துக் கருத்துவிடும்.

இரண்டு பேர் போங்கள். ஒருவர் கேமராவை எழுத்துக்கு நேராகப் பிடிக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். மற்றவர் பக்கவாட்டில் கை நீள தூரத்திலிருந்து டார்ச்சைப் பாறையை உரசுவதுபோல் சாய்க்கட்டும். இடம், வலம், மேல், கீழ் என்று 4 படம். கிடைக்கோடு இடவல ஒளியில் மங்கும், செங்கோடு மேல்கீழ் ஒளியில் மங்கும். ஒரே படத்தை நம்பினால் எழுத்துத் தப்பும். வெளிச்சம் அதிகமென்றால் குடையால் நிழல் கட்டுங்கள்.

மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது, தனி வேலை: கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, காற்றுக்குமிழ் போகத் தூரிகையால் தட்டி, எழுத்துக்குள் தாள் இறங்கியபின் மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் வரும். தொல்லியல் துறை அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள்.

செஞ்சிக்காரன்:
நான் போனது செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்று. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை (நோன்பிருந்து உயிர்விட்ட இடத்தின் நினைவுச் சின்னம்) கல்வெட்டு அங்கே இருக்கிறது. ‘ஐம்பத்தேழ்’ என்று தொடங்கும் அந்தப் பழைய ‘ஐ’யைப் பார்க்கத்தான் ஏறியது. அதன்மேல் யாரோ சாக்பீஸால் இன்றைய ‘ஐ’ எழுதி வைத்திருந்தார்கள்.