கந்தையர் வீடு (எல்லாரும்): திவசத்துக்குச் செருப்பு எங்க கழட்டுறது?

திங்கள், 27 ஒக்ரோபர் 2025

சுகந்தி (மாலை 6:41): [படம்: பில்டிங் மனேஜ்மென்ற்றின்ர கடிதம்]

சுகந்தி: எல்லாரும் ஒருக்கா இதை வாசியுங்கோ. சனிக்கிழமை அப்பாவின்ர திவசம். இண்டைக்குப் பாத்து இது வந்திருக்கு

வசந்தி மாமி: கண்ணாடி கிட்ட இல்லை. என்ன எழுதிக் கிடக்கு

சுகந்தி: ஃபிளாற் வாசலுக்கு வெளிய, கொரிடோர் நடைபாதையில ஒண்டும் வைக்கக் கூடாதாம். சப்பாத்துத் தட்டு, பூச்சாடி, கால்மிதி ஒண்டும். புதன்கிழமைக்குள்ள எடுக்காட்டி தாங்களே எடுத்து எறிவினமாம். வியாழன் 10 மணிக்கு வாசல்கதவு பாக்க ஆள் வருதாம்

கிருபா: ஏன் திடீரெண்டு

நிரோஷன்: தீபாவளி

கிருபா: ??

நிரோஷன்: அம்மா கொரிடோரில 12 விளக்கு வைச்சவ

சுகந்தி: 12 இல்லை, 9. அரை மணித்தியாலம் கூட எரியேல்லை. முன்வீட்டுக்காரி படம் எடுத்து மனேஜ்மென்ற்றுக்கு அனுப்பிப் போட்டாள். போன வருசம் அவளுக்கு முறுக்கு வேற குடுத்தனான்

ராசன் மாமா: எங்கட ஆக்கள் எப்ப பிள்ளை தீபாவளிக்கு விளக்கு வைச்சவை? ஊரில எண்ணெய் தேச்சு முழுகி, புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போறது. விளக்கு கார்த்திகை விளக்கீட்டுக்கு. இது இஞ்ச வந்து ரீவி பாத்துப் பழகினது

வசந்தி மாமி: ஆட்டிறைச்சிக் கறியை விட்டிட்டீங்கள்

கிருபா: 😂

சுகந்தி: மாமா, இப்ப அதில்லைப் பிரச்சினை. சனிக்கிழமை 30 பேர் வருகினம். செருப்பு எங்க கழட்டுறது?

வசந்தி மாமி: 30 பேர் எண்டா 60 செருப்பு

நிரோஷன்: பாத் ரப்புக்குள்ள போடுவம்

சுகந்தி: ஐயரின்ர செருப்புமோ

நிரோஷன்: ஐயருக்கு வொஷ் பேசின்

சுகந்தி: நிரோஷ் வாயை மூடு

ராசன் மாமா (7:58): சிரிக்கிற விசயமில்லை. நான் விளக்கமாச் சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ. இஞ்ச லண்டனில கிரென்ஃபெல் எண்ட அடுக்குமாடி எரிஞ்ச நெருப்பு, 2017 ஜூன் 14. முதல் ஃபோன் போனது சாமம் 12.54க்கு. நாலாம் மாடியில ஒரு வீட்டுக் குசினி, ஃபிரிட்ஜ். உண்மையில அது சின்ன நெருப்பு. ஆனா ஜன்னலால வெளிய போய், பில்டிங்கின்ர வெளிச்சுவரில ஒட்டின தகட்டைப் பிடிச்சிட்டுது. அந்தத் தகடு என்ன தெரியுமோ? இரண்டு பக்கமும் மெல்லிசா அலுமினியம், நடுவில பொலித்தீன். 24 மாடி. ஒண்டரைக்கு முன்னம் நெருப்பு உச்சிக்குப் போட்டுது. வீட்டுக்குள்ளயே இருங்கோ எண்டு சனத்துக்குச் சொன்னவை. அந்தச் சொல்லை 2.47க்குத் தான் மாத்தினவை. 72 பேர். அதில 18 பிள்ளையள்

நிரோஷன்: தாத்தா தொடங்கிட்டார்

ராசன் மாமா: உனக்கு எத்தினை தரம் சொல்லுறது, தாத்தா எண்டு கூப்பிடாத எண்டு

நிரோஷன்: அம்மம்மாவின்ர தம்பி வேற என்ன

ராசன் மாமா: இன்னும் முடிக்கேல்லை. எல்லாரும் தகட்டைத் தான் கதைக்கினம். கதவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. வீட்டு வாசல்கதவுக்கு மேல ஒரு இரும்புக் கை இருக்கும். கதவைத் திறந்து விட்டா அது தானா இழுத்து மூடும். கிரென்ஃபெல்லில கன வீட்டுக் கதவில அது இல்லை, இருந்ததும் சரியா வேலை செய்யேல்லை. சனம் ஓடேக்க கதவு திறந்தபடி கிடந்து, புகை நடைபாதைக்கு வந்து, இருந்த ஒரே ஒரு படிக்கட்டுக்கும் போட்டுது. 2019இல வந்த விசாரணை அறிக்கையில இது இருக்கு. அதுக்குப் பிறகு தான் சட்டம் போட்டவை. 2023 ஜனவரியில இருந்து, 11 மீற்றருக்கு மேல உயரமான பில்டிங் எண்டா வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு வீட்டு வாசல்கதவையும் பாக்க முயற்சி செய்ய வேணும். வியாழக்கிழமை வாறவன் விளக்குக்காக வரேல்லை. அதுக்குத் தான் வாறான்

வசந்தி மாமி: சுருக்கிச் சொல்லத் தெரியாதோ உங்களுக்கு

ராசன் மாமா: இது சுருக்கினது தான்

வசந்தி மாமி: நான் பக்கத்து அறையில தான் இருக்கிறன். எனக்கும் வற்சப்பில சொல்லுறார்

கிருபா: 😂😂

சுகந்தி (8:22): மாமா

சுகந்தி: எங்கட வாசல்கதவில அந்தக் கை இல்லை

ராசன் மாமா: என்ன பிள்ளை சொல்லுறாய்

நிரோஷன்: அப்பா கழட்டினவர்

கிருபா: அத்தானுக்கு எதுக்கெடுத்தாலும் ஸ்குரூ டிரைவர் தான்

சுகந்தி: கிருபா, நீ கதைக்காத. 2021இல அப்பா வீல்செயரில. நான் ஒரு கையால கதவைப் பிடிச்சு, காலால அண்டை குடுத்து, மற்றக் கையால அவரை இழுத்து வெளிய எடுக்கிறது. ஒரு நாள் கதவு வந்து அவற்ற கை விரலை நசிச்சுப் போட்டுது. நகம் கறுத்துப் போச்சு. அண்டைக்கு இரவு தான் உன்ர அத்தான் கழட்டினவர். நீ அப்ப எங்க நிண்டனி?

கிருபா: பழசை ஏன் இழுக்கிறாய்

சுகந்தி: செத்தவீட்டுக்கும் சூமில தானே நிண்டனி

கிருபா: ஃபிளைற் எடுக்கேலாமப் போனது உனக்குத் தெரியும்

கிருபா: உந்த ஃபிளாற்றை வித்துப் போட்டு கீழ ஒரு வீடு எடுங்கோ எண்டு நான் 2019இலயே சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை

சுகந்தி: கேட்டனாங்கள். 2020இல வாங்க ஆள் வந்தது. வெளிச்சுவர் நெருப்புப் பிடிக்காது எண்டு ஈடபிள்யூஎஸ் 1 பேப்பர் கேட்டுது வாங்கிறவற்ற பாங்க். எங்கட பில்டிங்குக்கு அந்தப் பேப்பர் இல்லை. பாங்க்காரன் போட்ட விலை என்ன தெரியுமோ? சைபர். சைபர் பவுண். 15 வருசம் மோட்கேஜ் கட்டின வீட்டுக்கு. அதுக்கு மேல, இரவு முழுக்கப் படியில ஏறி இறங்கி நெருப்புப் பாக்கிற ஆளுக்கு மாசம் 200 பவுண் எங்களிட்டத் தான் வாங்கினவை. நீ அப்பாவிட்ட மூவாயிரம் டொலர் தாறன் எண்டு சொன்னாய். இண்டைக்கு வரைக்கும் வரேல்லை

சுகந்தி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கிருபா: வாசிச்சிட்டன்

நிரோஷன்: தகடு மாத்தினதுக்கு நாங்க ஒண்டும் கட்டேல்லை மாமா. 2022இல சட்டம் வந்தது. அந்த வருசம் பெப்ரவரி 14இல நீங்க அந்த வீட்டில குடியிருந்தா தகட்டுச் செலவு உங்கட தலையில இல்லை

ராசன் மாமா: அது கிரென்ஃபெல் சனம் நடந்து நடந்து வாங்கித் தந்த சட்டம். ஒவ்வொரு மாசமும் 14ஆம் திகதி பச்சைத் துணி கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நடந்தவை. நானும் இரண்டு தரம் போனனான்

வசந்தி மாமி: ஒரு தரம். மற்றத் தரம் மழையெண்டு திரும்பி வந்தவர்

வசந்தி மாமி: அது கிடக்கட்டும். சுகந்தி, உளுந்து ஊறப் போடவோ வேண்டாமோ? 30 பேருக்கு எண்டா நான் வெள்ளிக்கிழமையே கடைக்குப் போக வேணும்

சுகந்தி: பொறுங்கோ மாமி

வசந்தி மாமி: இல்லாட்டி அல்பேட்டனில எங்கட வீட்டில செய்வம். தோட்டம் இருக்கு. செருப்பை எங்க வேணுமெண்டாலும் கழட்டலாம்

சுகந்தி: அம்மாவிட்டக் கேக்கிறன்

செவ்வாய், 28 ஒக்ரோபர் 2025

செல்வி சின்னம்மா (அதிகாலை 12:19): [படம்: காலை வணக்கம், தாமரைப்பூ, முருகன்]

செல்வி சின்னம்மா: [முன்னனுப்பப்பட்டது பல முறை] லண்டனில் தமிழர் வீட்டில் ஊதுபத்தியால் தீ!! அடுக்குமாடி எரிந்து சாம்பல்!! அனைவரும் பகிரவும் [வீடியோ]

செல்வி சின்னம்மா: சுகந்தி பிள்ளை இது உங்கட இடமோ?? எனக்கு நெஞ்சு படபடக்குது

நிரோஷன்: சின்னம்மம்மா அது பொய். இது டாகனம், லண்டனில வேற இடம். போன வருசம் ஓகஸ்ட் 26. ஊதுபத்தியும் இல்லை, ஒருத்தரும் சாகவும் இல்லை. தகடு கழட்டுற வேலை நடந்து கொண்டிருந்த பில்டிங்

செல்வி சின்னம்மா: அப்ப ஏன் நேற்று எண்டு போட்டிருக்கு

நிரோஷன்: அழிச்சு விடுங்கோ பிளீஸ்

செல்வி சின்னம்மா: கோயில் குறூப்புக்கும் அனுப்பிப் போட்டன்

ராசன் மாமா (12:44): தங்கச்சி, நெருப்பு எண்டா நானே கண்டனான். கேள்விப்பட்டுச் சொல்லேல்லை. கிரென்ஃபெல் எரிஞ்ச அண்டைக்கு ஹீத்ரோவில ஒரு ஆளை இறக்கிப்போட்டு திரும்பி வாறன், விடியப்புறம் மூண்டு மணியிருக்கும். வைட் சிட்டிப் பக்கம் பொலிஸ் மறிச்சிட்டான். காரை ஒதுக்கிப்போட்டு இறங்கி நிண்டன். ஒரு பக்கம் முழுக்க எரியுது, தகடு எரிஞ்சு எரிஞ்சு துண்டு துண்டா விழுகுது. மேல ஒரு ஜன்னலில சின்ன வெளிச்சம். ஆரோ ஃபோன் லைற்றை ஆட்டுகினம். இப்பிடி இப்பிடி. பக்கத்தில நிண்ட ஒரு பெட்டை தன்ர ஃபோன் லைற்றைத் திருப்பி ஆட்டினாள். நானும் ஆட்டினன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. பிறகு அந்த வெளிச்சத்தைக் காணேல்லை

செல்வி சின்னம்மா: முருகா

ராசன் மாமா: அந்தக் கிரென்ஃபெல் பில்டிங்கைக் கழட்டத் தொடங்கீட்டினம், செப்ரெம்பரில இருந்து. மேலயிருந்து கீழ, இரண்டு வருசம் எடுக்குமாம். கழட்ட வேண்டாம் எண்டும் கன சனம் சொன்னது. நெருப்புக்குப் பொறுப்பெண்டு இன்னும் ஒருத்தரையும் கோட்டில நிப்பாட்டேல்லை. எட்டு வருசம்

வசந்தி மாமி: நித்திரை கொள்ள வாங்கோ

செல்வி சின்னம்மா: அண்ணை, நான் கேக்கிறன் எண்டு குறை நினைக்க வேண்டாம். அப்பிடி ஒண்டு நடந்தா எட்டாம் மாடியில இருந்து அக்காவை ஆர் தூக்கிறது?

செல்வி சின்னம்மா: லிஃப்ற்றில போகேலாது தானே?

*சுகந்தி தட்டச்சு செய்கிறார்…*

நிரோஷன் (1:10): வாற வருசம் ஏப்ரல் 6இல இருந்து அம்மம்மா மாதிரி ஆக்களுக்கு எப்பிடி இறங்கிறது எண்டு பில்டிங்காரரே வந்து கதைச்சு எழுதி வைக்க வேணும். அதுவும் கிரென்ஃபெல் விசாரணை சொல்லித்தான்

செல்வி சின்னம்மா: ஏப்ரல் வரைக்கும்?

நிரோஷன்: நான் இருக்கிறன்

செல்வி சின்னம்மா: நீ இரவு வேலைக்குப் போறாய் எண்டு கொம்மா சொன்னா

சுகந்தி (காலை 9:05): [குரல் செய்தி 0:52]

நிரோஷன்: அம்மம்மாவின்ர குரல். கேக்கேலாத ஆக்களுக்கு: ஒரு இடமும் வரமாட்டாவாம். அவர் கண் மூடினது இந்த வீட்டில, படைக்கிறதும் இந்த வீட்டிலயாம். செருப்பை வீட்டுக்குள்ள ஒரு துணி விரிச்சுக் கழட்டட்டாம். பிறகு 20 செக்கன் இருமல்

வசந்தி மாமி: அப்ப அல்பேட்டன் இல்லை

சுகந்தி: தெரியேல்லை மாமி. ஆக்களைக் குறைப்பமோ எண்டு யோசிக்கிறன்

கிருபா: ஆரைக் குறைக்கிறது? நான் ரிக்கெற் பாத்துக் கொண்டிருக்கிறன்

சுகந்தி: நீ வாறியோ??

கிருபா: பாக்கிறன் எண்டு தான் சொன்னனான்

தயா (9:48): கை இருக்கு

ராசன் மாமா: ஆ வந்திட்டார் எஞ்சினியர்

தயா: நீல பிஸ்கற் ரின்னுக்குள்ள. 2 ஆணி காணேல்லை. நாளைக்கு வேலையால வந்து பூட்டுறன். வியாழன் வாறவனுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை

நிரோஷன்: அப்பா வேண்டாம். வேற ஆணி போட்டா பிழை. நெருப்புக் கதவு, அதுக்கெண்டு தெரிஞ்ச ஆள் தான் பூட்ட வேணும். கழட்டினது எண்டு நேரச் சொல்லுவம்

தயா: சொன்னா காசு கேப்பான்

ராசன் மாமா: கேக்கட்டும். தயா, இன்னொரு வகை இருக்கு. மற்ற நேரம் கதவு சாதாரணக் கதவு மாதிரி லேசா ஆடும், வோக்கரோட போகலாம். அலாரம் அடிச்சா மட்டும் தானா மூடும். வயது போன ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு அது தான் பூட்டிறது. கேட்டுப் பாருங்கோ

தயா: விலை?

ராசன் மாமா: விலையை நான் எப்பிடிச் சொல்ல

சுகந்தி: தயா, நேற்று இரவு நீங்க நித்திரை. நான் 2 மணிக்கு எழும்பி வாசல்கதவைத் திறந்து விட்டுப் பாத்தன். அப்பிடியே நிண்டுது. அசையேல்லை. அம்மாவின்ர அறை வாசலில இருந்து நாலே நாலு அடி

சுகந்தி: எனக்கு வியாழன் வரைக்கும் இருக்க ஏலாது. நான் இண்டைக்கே ஃபோன் பண்ணுறன்

தயா: சரி பின்னேரம் கதைப்பம்

கிருபா: அந்தக் கைக்கு எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லு. நான் அனுப்புறன்

சுகந்தி: பாப்பம்

கிருபா: உண்மையாத் தான்

செல்வி சின்னம்மா: [படம்: இனிய செவ்வாய், முருகன், வேல்]

செல்வி சின்னம்மா: கோயில் குறூப்பில இப்ப எல்லாரும் சுகந்தி வீடு எரிஞ்சு போச்சோ எண்டு கேக்கினம். என்ன சொல்ல

நிரோஷன்: எரியேல்லை எண்டு சொல்லுங்கோ

வசந்தி மாமி: ஐயருக்கு ஆர் சொல்லுறது? குத்துவிளக்கு வீட்டுக்குள்ள கொளுத்தலாமோ? 30ஓ 15ஓ எண்டாவது சொல்லுங்கோ. உளுந்துக் கடை திங்கள் செவ்வாய் தான் மலிவு

சுகந்தி: மாமி ஒரு கிலோ வாங்கி வையுங்கோ. மிச்சத்தைப் பேந்து பாப்பம்