வெள்ளகவி வழியே கும்பக்கரைக்கு இறங்கினோம்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறையைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் வனத்துறை அனுமதியோடு, சரிவில் உள்ள மலைக்கிராமமான வெள்ளகவியைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, அதற்கும் கீழே, பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவிவரை இறங்கினோம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்களின் தடங்களில் இதுவும் ஒன்று. 1821இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினார். 1845இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குடியேறினார்கள். பின்னாளில் துரைமார்களும் குடும்பத்தாரும் டோலியிலும் நாற்காலியிலும் ஏறிவந்தார்கள். தூக்கியவர்களின் பெயர் எதிலும் இல்லை. அந்தச் செங்குத்தில் வெறும் பையோடு இறங்கவே எனக்கு முழங்கால் நடுங்கியது. நாற்காலியில் ஓர் ஆளை வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்களை நினைத்து மனம் கனத்தது.

சில இடங்களில் உண்ணிச்செடி தலைக்கு மேல் மண்டிப் பாதையை மூடியிருந்தது. வழிகாட்டிப் பெரியவர் அரிவாளால் ஒதுக்கிக்கொண்டே முன்னால் போனார். ஓர் இடத்தில் குனிந்து சருகைக் கையால் தள்ளிக் காட்டினார். அடியில் பாவிய கற்கள் அசையாமல் கிடந்தன. குறுக்கே சாய்வாக ஒரு வரிசைக் கல். மழைத்தண்ணீர் பாதையை அரிக்காமல் பள்ளத்துப் பக்கம் வழிந்துவிடும். "இதைப் பார்த்துக் கால் வையுங்கள் தம்பி, மற்றது வழுக்கும்" என்றார். அதன் பிறகு நான் காட்சிகளைவிடத் தரையைத்தான் அதிகம் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் கீழே அவர் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். வளைவுக்கு அப்பால் ஒற்றைக் காட்டெருமை நின்றிருந்தது. கூட்டத்தைவிட ஒற்றையாக நிற்பதுதான் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார். பேசாமல் பின்வாங்கி, அது சரிவில் இறங்கிப்போகும்வரை காத்திருந்தோம்.

வெள்ளகவி நீண்ட காலம் சாலையே காணாத ஊர். அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் வரும். காப்பிக்கொட்டையும் ஆரஞ்சும் அதே முதுகில் இறங்கும். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. திரும்பிய பக்கமெல்லாம் கோயில். ஊரையே சாமி இருக்கும் இடமாக நினைக்கிறார்கள். நாங்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.

ஊருக்குக் கீழே பாதை தெளிவாக இருந்தது, கற்களில் லாடம் தேய்ந்த வழவழப்போடு. கைவிடப்பட்ட பாதை என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. நாம் மறந்தோம், அவ்வளவுதான். அந்த ஊராரும் குதிரைகளும் நடந்து நடந்தே இதைக் காடு விழுங்காமல் வைத்திருக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் அனுமதி வாங்கி, உள்ளூர் ஆளோடு போங்கள்; அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும், கல்லும் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெள்ளகவியோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கிருந்து கும்பக்கரை வரை ஒரே இறக்கம்.