மூடியை மூடினால் போதுமா, அணைக்க வேண்டுமா?

தலவாக்கலை டீச்சர்:
வெள்ளி மாலை மடிகணினியை மூடிப் பையில் வைத்தேன். சனி காலை ஹட்டன் பஸ்ஸில், மடியிலிருந்த பை சுடுதண்ணீர்ப் போத்தலைப் போலச் சுட்டது. இறங்கித் திறந்தால் பெட்டரி தீர்ந்து கிடக்கிறது. சேமிக்காமல் விட்டிருந்த மூன்றாம் தவணை வினாத்தாளும் போய்விட்டது. மூடியை மூடினால் ஸ்லீப் ஆகும் என்றார்கள். ஸ்லீப் என்றால் உறங்கத்தானே வேண்டும்?

பண்டாரவளைக்காரன்:
உறங்கவில்லை டீச்சர், கண்ணை மூடிப் படுத்திருந்தது. பழைய எஸ்3 வகை ஸ்லீப்பில் ரேமுக்கு (திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றவை நின்றுவிடும். புதிய கணினிகள் பலவற்றில் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை. கைப்பேசியைப் போல, திரை அணைந்த பிறகும் உள்ளே அஞ்சல், அப்டேட் என்று ஏதாவது நடக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுங்கள். ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும்.

பழைய கணக்கப்பிள்ளை:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்ததா, சேமித்துவிட்டு ஷட்டவுன் செய்ய வேண்டும். ஹைபர்னேட் ஒவ்வொரு தடவையும் ஜிகாபைட் கணக்கில் எழுதி எஸ்எஸ்டி வட்டைத் தேய்க்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அப்போதும் முறையாக அணைத்தவன் நான். ஒரு கோப்பும் போகவில்லை. (மேல் கொத்மலை நீர்மின் அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றிய கதையை இன்னொரு நாள் பேசுவோம்.)

பண்டாரவளைக்காரன்:
கணக்கு உங்கள் தொழில் ஐயா, போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு தடவை, 4 ஜிகாபைட் என்றே வையுங்கள். ஆண்டுக்கு ஒன்றரை டெராபைட்கூட வராது. 150 டெராபைட் எழுதலாம் என்று உறுதி தரும் எஸ்எஸ்டிக்கு இது நூறு ஆண்டு வேலை. அதற்குள் நாம் இருவரும் போய்ச் சேர்ந்திருப்போம்.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல், கணினியை வேகமாகத் தொடங்கவைக்க ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது இயங்கினால், நீங்கள் ஷட்டவுன் செய்யும்போதும் விண்டோஸின் மையப்பகுதி (கெர்னல்) ஹைபர்னேட்தான் ஆகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாய்த் தொடங்கும். சந்தேகமென்றால் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள், முழுதாகத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும்.

நுவரெலியா மூடுபனி:
தேநீர் குடிக்க எழுந்து போகும் ஐந்து நிமிடத்துக்கு ஸ்லீப் போதும், அதை ஏன் திட்டுகிறீர்கள்? பையில் போடும்போதுதான் பிரச்சினை. எங்கள் ஊர்க் குளிர் பெட்டரியைக் கெடுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். லித்தியம் பெட்டரியைக் கிழடாக்குவது சூடும், எந்நேரமும் 100 சதவீதத்தில் நிறுத்திவைப்பதும். 80 சதவீத வரம்பு வைக்கும் வசதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
மின்வெட்டு நாளில் அந்த 80ஐ வைத்து என்ன செய்வதாம்?

நுவரெலியா மூடுபனி:
மழைக்காலத்தில் வரம்பை எடுத்துவிடுங்கள் ஐயா. கல்லில் பொறித்ததா அது?

தலவாக்கலை டீச்சர்:
மூடிக்கு ஹைபர்னேட் வைத்தாயிற்று. திறந்தால் வரக் கொஞ்சம் சுணக்கம், பை சுடவில்லை. வினாத்தாளை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
அப் டைம் பார்த்தேன். 11 நாள் என்கிறது. நேற்றிரவும் அணைத்துவிட்டுத்தான் படுத்தேன். தம்பி, அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எங்கே நிறுத்துவது?