இரவு ட்யூட்டியில் தலை சி.ரி. ஸ்கேன் பார்க்கிறவர்களுக்கு: மெல்லிய இரத்தக் கசிவை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

வயல்கரை_எம்.ஓ.:
அம்பாறைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், இரவில் ஸ்கேனை முதலில் பார்ப்பது நாங்கள்தான். போன கிழமை வரம்பில் வழுக்கி விழுந்த ஒரு ஐயா வந்தார், இரத்தம் உறையாமல் இருக்க வோர்ஃபரின் எடுக்கிறவர், "லேசான தலையிடிதான் மகன்" என்றார். நோர்மல் என்று எழுதிவிட்டேன். விடியப் பெரிய டொக்டர் வந்து, வலப்பக்கம் மண்டையோட்டை ஒட்டி நூல் மாதிரிக் கிடந்த சப்டியூரலை, அதாவது மூளையின் வெளி உறைக்கு அடியில் கசிந்த இரத்தத்தைக் காட்டினார். காட்டின பிறகு எனக்கும் தெரிகிறது, அதுதான் வெட்கம். ஐயா இப்போது நல்லா இருக்கிறார். நீங்கள் எல்லாம் என்ன ஒழுங்கில் பார்க்கிறீர்கள்?

கல்லடி_ரேடியோகிராபர்:
தம்பி, விண்டோவை, அதாவது படத்தின் கறுப்பு வெள்ளை அளவை மாற்றிப் பார்த்தீர்களா? எலும்பும் வெள்ளை, புது இரத்தமும் வெள்ளை. வழக்கமான மூளை விண்டோவில், அதாவது அகலம் 80, நடு 40 வைத்தால் ரெண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். அகலத்தை 200 அளவுக்குக் கூட்டி நடுவையும் 80 பக்கம் உயர்த்துங்கள், எலும்பு தனியே, கசிவு தனியே பிரியும். கொரோனலும், அதாவது முகத்துக்கு இணையாக வெட்டின படமும் கேளுங்கள். உச்சியிலும் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள உறை மடிப்பான டென்டோரியம் மேலேயும் படர்ந்து கிடப்பது குறுக்கு வெட்டில் நல்லா ஏமாற்றும்.

பழைய_ஹவுஸ்_ஒஃபிசர்:
அக்கா சொன்னது சப்டியூரலுக்கு. சப்அரக்னொய்ட், அதாவது மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் வரும் கசிவு என்றால் நான் முதலில் போவது மூளைக்குள் உள்ள நீர் அறையின் பின்முனையான ஒக்ஸிபிட்டல் ஹோர்னுக்கு, மல்லாந்து கிடக்கிற ஆளுக்கு இரத்தம் அங்கேதான் போய்ப் படியும், வாவியில் அடிச்சேறு மாதிரி. அப்புறம் மூளைத்தண்டுக்கு முன்னால் உள்ள நீர்க்குழியான இன்டர்பெடங்குலர் சிஸ்டர்ன், மூளையின் ரெண்டு பக்கமும் உள்ள பெரிய பிளவான சில்வியன் ஃபிஷர். அதெல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மூளையோடு சேர்ந்து மங்கினால் விடாதீர்கள். இளம் ஆளுக்கு அதே நீர் அறையின் கீழ்முனையான டெம்பொரல் ஹோர்ன் விரிந்திருந்தாலும் சந்தேகம்தான்.

திடீரென்று இடி மாதிரி வந்த தலையிடிக்கு, அது தொடங்கி முதல் 6 மணித்தியாலத்துக்குள் எடுத்த நல்ல ஸ்கேனை ரேடியோலஜிஸ்ட் நோர்மல் என்றால் பெரும்பாலும் நம்பலாம். பிந்தி வந்தவருக்கு அந்த நம்பிக்கை வேண்டாம், தலையிடி தொடங்கி 12 மணித்தியாலம் கழிய எல்.பி. செய்யுங்கள், அதாவது முதுகில் ஊசி போட்டுத் தண்டு நீரை எடுத்துப் பாருங்கள்.

கண்ணாடி_போட்டவன்:
வெள்ளையை மட்டும் தேடினாலும் தப்பும். விழுந்து ரெண்டு கிழமை கழிந்த சப்டியூரல் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும், இரத்தச்சோகை கடுமை என்றால் புதுக் கசிவே அப்படித் தெரியலாம். மூளை மடிப்புகள் எலும்பு வரை போகின்றனவா என்று பாருங்கள். ரெண்டு பக்கமும் இருந்தால் நடுக்கோடும் நகராது, கசிவு அமுக்குவதால் மூளை சுருங்காதது மாதிரியும் தெரியும், அதனால் வயதான ஆளுக்கு "வயதுக்கு மீறி நல்ல மூளை" என்று தோன்றினால் எனக்குப் பயம் வரும்.

வயல்கரை_எம்.ஓ.:
அக்கா, அதே படத்தை 200, 80 வைத்துத் திறந்தேன். கோடு பிரிந்து நிற்கிறது. எங்கள் கம்பியூட்டரில் கொரோனல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.