ஈறு மேலே ஏறிப் பல் நீளமாகத் தெரிகிறது, கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடுமா?

கடலைமிட்டாய்:
வயது 36. இடது பக்க மேல் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பல்லும் மட்டும் கொஞ்ச நாளாக நீளமாகத் தெரிகின்றன. ஈறு மேலே ஏறிவிட்டது, வேர்ப்பக்கம் மஞ்சளாக வெளியே தெரிகிறது, நகத்தை வைத்து இழுத்தால் ஈறோரம் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது. பானைத் தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது. ரத்தம் வருவதில்லை. டாக்டர் முதலில் கிளீனிங், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்றார். அம்மாவோ கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், கிராம்புத் தைலம் வைத்தால் போதும் என்கிறார். போன ஈறு திரும்ப வளருமா?

பழையபிரஷ்:
வலது கைக்காரரா நீங்கள்? எனக்கும் அதே இடம்தான். வலது கையால் தேய்க்கும்போது அந்த வளைவில்தான் அழுத்தம் அதிகமாக விழுகிறதாம். என் பிரஷ் மூன்றே வாரத்தில் துடைப்பம் மாதிரி விரிந்துவிடும், சரக்கு மட்டம் என்று நினைத்து ஹார்டு பிரஷாகத் தேடித் தேடி வாங்கினேன், அவ்வளவு அறிவு! இப்போது சாஃப்ட் பிரஷ், பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடித்து ஈறோரம் சாய்த்து வைத்துத் தேய்க்கிறேன், குறுக்கே ரம்பம் போடுவதில்லை. மூன்று வருடமாக அதற்குமேல் ஏறவில்லை.

ரிட்டையர்டு_வாத்தியார்:
தம்பி, அம்மா சொல்வதைத்தான் நானும் பத்து வருடம் நம்பினேன். உப்பும் கரியும் போட்டுத் தேய்ப்பேன், போதாததற்குச் சர்க்கரை நோய் வேறு. கடைசியில் கிளீனிங் செய்தபோது பல்லுக்கு நடுவே சந்து சந்தாகத் தெரிந்தது, டாக்டரோடு சண்டைக்கே போய்விட்டேன். பல்லில் கல்லாக இறுகிக் கிடந்து அவர் எடுத்த காரையைக் காட்டினார், அரிசிக் குருணை மாதிரி கிடந்தது. அந்தச் சந்துகளை அடைத்துக்கொண்டிருந்ததே அதுதான், அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. சர்க்கரை பார்த்தீர்களா? அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறும் சொன்னபடி கேட்காது.

பல்வைத்தி:
தொழிலே இதுதான், ஆனால் வாயைப் பார்க்காமல் முழுதாகச் சொல்ல முடியாது. ஓரிரண்டு பல்லில் மட்டும், பள்ளத்தோடு, ரத்தம் இல்லாமல் என்றால் பெரும்பாலும் அழுத்தித் தேய்த்ததுதான். பிறவியிலேயே ஈறு மெல்லிசாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் வரும். ஒன்று, சிகரெட் பழக்கம் உண்டா? இருந்தால் ரத்தம் வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், புகை ரத்தக் குழாயைச் சுருக்கி ஈறு நோயை மறைத்துவிடும்.

போன ஈறு தானாக வளராது. வேருக்கு எனாமல் என்ற கெட்டியான மேலுறை கிடையாது, அதனால்தான் கூச்சம், சொத்தையும் அங்கே சுலபமாகப் பிடிக்கும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் தேய்க்க வேண்டும், நான்கு நாளில் விட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். பள்ளம் ஆழமாக இருந்தால் அடைத்துவிடலாம். ஈறையே மூட வேண்டுமென்றால் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டும் சிகிச்சை இருக்கிறது. பல்லிடை எலும்பு நன்றாக இருந்தால் வேர் முழுதும் மூட வாய்ப்புண்டு, எலும்பு கரைந்திருந்தால் ஓரளவுதான். அதை ஈறு சிறப்பு மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள், அவசரமில்லை, தேய்க்கும் முறையை மாற்றாமல் ஒட்டினால் அதுவும் ஏறிவிடும். கிராம்புத் தைலத்தை நேரடியாக வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும்.

கடலைமிட்டாய்:
எல்லோருக்கும் நன்றி. வலது கைக்காரன்தான். சிகரெட் இல்லை. இப்போதுதான் பாத்ரூமில் போய்ப் பார்த்தேன், பிரஷ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கமும் படுத்துக்கிடக்கிறது. சனிக்கிழமை கிளீனிங்குக்குப் போகிறேன் வாத்தியார் ஐயா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவருக்குக் கீழ் முன்பல்லுக்குப் பின்னால் கல் மாதிரி காரை இருக்கிறது, இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.