மறு: அஃபோர்டன்ஸுக்குத் தமிழ்: "வாகு" போதாதா?

வணக்கம்.

> மனிதமைய வடிவமைப்பு சரி. அஃபோர்டன்ஸுக்குச் "செயலியல்தகைமை" என்று வைக்கலாமா?

"மனிதமைய வடிவமைப்பு" (ஹியூமன் சென்டர்ட் டிசைன்) என்ற முதல் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பிள்ளைகள் சொல்லிப் பழகிவிட்டார்கள். இரண்டாவதைத்தான் ஏற்க மாட்டேன். அஃபோர்டன்ஸ் என்பது, ஒரு பொருள் அதைப் பயன்படுத்துகிறவருக்கு என்ன செய்ய இடம் கொடுக்கிறது என்பது. புதுச்சேரியில் மல்டிமீடியா மாணவர்களுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். "செயலியல்தகைமை" என்று பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கிவிடுவான்.

என் பரிந்துரை: வாகு. "அருவாமனை கைக்கு வாகா இருக்கா?", "இந்த மேசை எழுத வாகா இல்ல" என்கிறோமே, அதே வாகு.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் மாணவர்கள் கடல் வானிலை பற்றி ஒரு சின்ன வீடியோ செயலி செய்து, கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு எடுத்துப் போனார்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு போனை வாங்கினார். திரை முழுக்கப் படகுப் படம். வீடியோவை ஓடவிடும் முக்கோணம் கீழ் மூலையில் மிளகளவு. அக்கா படகின் மேலேயே தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. விரலை மறுபடி துடைத்துக்கொண்டு இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி. "இது வெறும் படந்தான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முக்கோணத்தைக் காட்டிக் கேட்டோம். "அது அடுத்த பக்கம் போற அம்புன்னு நெனச்சேன்."

படகு தட்ட வாகாகத் தெரிந்தது. தட்டினால் பலன் இல்லை. மனிதர் கணினியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த வில்லியம் கேவர் 1991இல் இப்படிப்பட்டதைத் தனியே பிரித்துப் பேசினார். அதைப் பொய்வாகு எனலாம். முக்கோணம் வாகு அல்ல, அடையாளம் மட்டுமே. வடிவமைப்பு பற்றி எழுதிய அறிவாற்றல் அறிஞர் டொனால்ட் நார்மன் 1988இல் அஃபோர்டன்ஸை வடிவமைப்பாளர்களிடம் கொண்டுவந்தார். அப்புறம் எல்லாரும் பொத்தானின் நிழலைக்கூட அஃபோர்டன்ஸ் என்று அழைக்க ஆரம்பித்ததும், அவரே அடையாளத்துக்கு "சிக்னிஃபையர்" என்று வேறு சொல் கொடுத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

மூலச் சொல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனுடையது. 'அஃபோர்ட்' என்ற வினை அகராதியில் உண்டு, இந்தப் பெயர்ச்சொல் கிடையாது, நானே உண்டாக்கினேன் என்று 1979இல் வெளிவந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலேயே கையால் செய்த சொல்தான். நமக்கோ ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் நான்கு வேர்களை ஒட்ட வேண்டும்?

> வாகு என்றால் தோள் அல்லவா? வாகுவலயம் உண்டே. உடல்வாகு வேறு இருக்கிறது. மாணவர் குழம்ப மாட்டார்களா?

ஐயா, உடல்வாகு வந்து ஒட்டிக்கொள்வது எனக்கு நல்லதாகவே படுகிறது. கிப்சன் சொல்வது பொருளின் குணம் மட்டுமல்ல. பொருளுக்கும் உடலுக்கும் இடையே உள்ள பொருத்தம். உளவியலாளர் வாரன் 1984இல் படிக்கட்டை வைத்து இதை அளந்து பார்த்தார். படியின் உயரம் ஏறுகிறவரின் கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கைத் தாண்டினால், கையூன்றாமல் ஏற முடியாது. நெட்டையானவருக்கும் குட்டையானவருக்கும் சென்டிமீட்டர் மாறும், அந்தப் பங்கு மாறாது. "யாருக்கு வாகு?" என்று கேட்காமல் இந்தச் சொல்லைத் தமிழில் பயன்படுத்தவே முடியாது. "தகைமை"யில் அந்தக் கேள்வி எழாது, பொருளுக்குள்ளேயே பூட்டிவிடுகிறது.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் புதுச்சேரிப் பக்கத்து மீனவ ஊரான வீராம்பட்டினம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையத் திட்டத்தில், அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினித் திரை முன்னால் வந்து உட்காருங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை. வலையைச் சரிசெய்கிறவருக்குக் கையும் கண்ணும் வலையில் இருக்கும், காதுதான் சும்மா இருக்கும். ஒலிபெருக்கி அவருக்கு வாகு. என் மாணவர்கள் வீடியோவோடு போய் நின்றதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

> பொய்வாகு பிடித்திருக்கிறது. கேவர் சொன்ன மற்ற இரண்டும்? கண்ணுக்குத் தெரிவதைத் "தெரிவாகு" என்றும், ஒளிந்திருப்பதை "மறைவாகு" என்றும் வைக்கலாமா? (கடலூரிலிருந்து)

வைத்துப் பார்த்தேன் தோழர், கேட்டால் சிரிப்பீர்கள். "தெரிவாகு" என்றால் தேர்தலில் ஜெயித்தது போல இருக்கிறது. "மறைவாகு" என்றால் ஓடிப் போய் ஒளிந்துகொள் என்று விரட்டுவது போல. சேர்த்து எழுத வேண்டாம். "தெரியும் வாகு", "ஒளிந்த வாகு" என்று பிரித்தே இருக்கட்டும். சொல் நீளம் கொஞ்சம் கூடினாலும் பொருள் கெடாது.

படகுப் படம் முழுவதையும் தட்டக்கூடியதாக அன்று ராத்திரியே மாற்றிவிட்டான் பையன். அடுத்த வாரம் மறுபடி தேவனாம்பட்டினம் போகிறோம், இந்த முறை ஒரு சின்ன ஸ்பீக்கரும் கூட.

அடுத்தது சிக்னிஃபையர். "சுட்டி" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், அதை மவுஸ் எப்போதோ கொண்டுபோய்விட்டது.